வெயிலா கொன்றது?

வெயில் எல்லோருக்கும் பொது; கோபுரத்தின் மீதும் காய்கிறது, குடிசையின் மீதும் காய்கிறது என்று பேசுவோர் உளர். காய்வது உண்மை. கருகுவது யார்? நாம் கேட்பது இதைத்தான்!

குளிரூட்டிய அறையிலே கோப்பு புரட்டுவோரா? கொதிக்கும் தாரைச் சாலையிலே ஊற்றுவோரா? மாடியிலே குடியிருப்போரா, அந்த மாடியைக் கட்டக் கல் சுமந்தோரா?

மனித உடலின் சூடு 37 டிகிரி. அதைக் காப்பது வியர்வை. அது உலர்ந்தால்தான் உடல் குளிரும். சென்னை போன்ற கடலோர நகரிலே காற்றே ஈரம். வியர்வை வழிகிறது, உலர்வதில்லை. உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் சித்தம் தடுமாறும், வலிப்பு வரும், சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகும். இரவிலாவது விடுதலை உண்டா? பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர்கள் இரவெல்லாம் அதைக் கக்குகின்றன. தகரக் கூரையின் கீழ் புரண்டு படுத்தவன், தூக்கமின்றியே மறுநாளும் வேலைக்குப் புறப்படுகிறான்.

ஆலைகளால் பேர்பெற்ற அகமதாபாத்திலே, 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதக் கணக்குப்படி மாண்டிருக்க வேண்டியவர் 3,118 பேர். மாண்டவரோ 4,462 பேர். மிகுதி 1,344 பிணங்கள்! விதி என்று சொல்லி விட்டுவிடலாமா?

விட்டுவிடவில்லை அந்நகர மாநகராட்சி. 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவருக்குப் பயிற்சி என்று பணிகள் நடந்தன. ஒரு மருத்துவமனையிலே மேல்தளத்துப் பச்சிளங் குழந்தைகள் பிரிவு கீழே கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் காக்கப்பட்டதாக, 2018-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே நகரம், அதே சூரியன்! விதி எங்கே போயிற்று?

நம் தமிழக அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால், செத்தபின் தரும் லட்சத்தைவிட, சாகுமுன் தரும் நிழல் உயர்ந்ததன்றோ? உச்சி வெயிலிலே ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலி குறையக் கூடாது! கூலியை வெட்டிவிட்டு ஓய்வு தருகிறோம் என்பது, சோற்றைப் பிடுங்கிக்கொண்டு விசிறி தருவதாகும்.

அதுவரை தோழர்கள் வாளாவிருக்கலாகாது. வட்டந்தோறும் தண்ணீர்ப் பந்தல் எழட்டும். தனித்து வாழும் முதியவரின் கதவைத் தட்டிக் கேளுங்கள். வெயிலிலே ஒருவர் சுருண்டு விழுந்தால், நிழலுக்குத் தூக்குங்கள், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயிலே நீர் புகட்டாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

சூரியனைத் தடுக்க நம்மால் ஆகாது. சாவைத் தடுக்கலாம்! தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காதிருப்பதற்கு வெயில் என்றா பெயர்?