சம்மன் திரும்பி வந்தால்

நம் சங்க அன்பர் ஒருவர் காக்கநாட்டில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தார். கட்டிடம் எழும்பவில்லை. சிவில் வழக்குப் போட்டார். கம்பெனி அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் சம்மன் திரும்பிவிட்டது. "பணம் போனது போனதுதானா சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் வக்கீல் அல்ல, ஓய்வுபெற்ற ரயில்வே என்ஜினீயர். ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 29-ன்படி, கம்பெனியின் செயலாளர், இயக்குநர் அல்லது முக்கிய அதிகாரியிடம் சம்மனைக் கொடுக்கலாம்; பதிவு அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். நண்பர் கொடுத்திருந்ததோ விளம்பரத்தில் கண்ட விற்பனை அலுவலக முகவரி! பதிவு முகவரி கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். கேரளக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகமும் நமக்கு அடுத்த திருக்காக்கரையில்தான் இருக்கிறது.

வாங்க மறுத்ததாகக் குறிப்பெழுதித் தபால் திரும்பினால், சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும்.

ஆள் ஒளிந்து திரிந்தால் ஆணை 5, விதி 20 இருக்கிறது. சாதாரண வழியில் சேர்க்க இயலவில்லை என்று பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்து நீதிபதியை நம்பவைக்க வேண்டும். அவர் உத்தரவிட்டால், நீதிமன்றத்திலும் பிரதிவாதி கடைசியாகத் தொழில் நடத்திய இடத்திலும் நகலை ஒட்டுவார்கள். அல்லது அவ்வட்டார நாளிதழில் விளம்பரம் வரும். இது நேரில் கொடுத்ததற்குச் சமம்.

ஆனால் எடுத்த எடுப்பில் விளம்பரத்துக்கு ஓடக்கூடாது. ஒருதலைத் தீர்ப்பு வந்தபின், சம்மன் முறையாகச் சேரவில்லை என்று பிரதிவாதி நிரூபித்தால், ஆணை 9, விதி 13-ன்படி அது ரத்தாகிவிடும். லைன் கிளியர் வாங்காமல் வண்டியை விட்ட கதைதான்.

நண்பரின் கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் திருச்சூரில் இருந்தது. இரண்டாவது சம்மனை அங்கே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள்.