விளக்கை அணைத்து விட்டீர்களா?



உங்கள் வீட்டில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கும் பிள்ளை உண்டா? "மத்ரஸா உஸ்தாது கேட்கிற கேள்வியா இது?" என்று நீங்கள் வியப்பது எனக்குத் தெரிகிறது. நாகை மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் இருக்கும் என் மூத்த சகோதரியின் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். வாப்பா வளைகுடாவில், மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சென்ற ஐப்பசியில் ராத்தா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நீ வந்து இவனிடம் நாலு வார்த்தை சொல். நான் சொன்னால் கேட்கிறானில்லை" என்றார்கள். ஓதிக் கொடுக்கும் தம்பியின் வாயால் ஒரு கண்டனம் வர வேண்டும் என்பதே அவர்களின் விருப்பம்.

சென்று பார்த்தேன். மாடியறையின் ஒரு மூலை முழுவதும் அந்தச் சாமான்கள்தாம். தாங்கியில் சாய்ந்து நிற்கும் கிடார். அதிலிருந்து ஒரு கேபிள். தரையில் வரிசையாய் மூன்று மிதிப் பெட்டிகள். அப்பால் யாரிடமோ பழையதாக வாங்கிய வால்வு ஆம்பிளிஃபயர். எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு இரவும் பகலும் அணைவதே இல்லை என்றார்கள் ராத்தா. "வாசித்து முடித்தால் எடுத்துப் பெட்டியில் வைக்கக் கூடாதா? வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்" என்பது அவர்களின் குறை.

மருமகன் பணிவாகவே பதில் சொன்னான்: "மாமா, பெட்டிக்குள் போனால் அது திரும்ப வெளியே வராது. எடுத்து, மாட்டி, சுருதி சேர்ப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். கண்ணெதிரே தயாராக இருந்தால் பத்து நிமிடம் கிடைத்தாலும் வாசிப்பேன்."

இசைக் கருவிகள் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே நான் எழுதப் போவதில்லை. அதில் என் கருத்து என் மருமகனுக்குத் தெரியும். அவன் கருத்து எனக்குத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து குர்துபா சென்ற ஸிர்யாப், ஊது என்னும் நரம்புக் கருவிக்கு ஐந்தாவது நரம்பு சேர்த்ததை வரலாற்றில் படித்துவிட்டு எனக்கே பாடம் நடத்துகிறவன் அவன். ஆனால் அவன் சொன்ன அந்தக் காரணம் மட்டும் என் நெஞ்சில் தைத்தது. ஹிப்ழு ஓதும் பிள்ளைகளிடம் நான் கண்ட உண்மை அதுதான். ரைஹால் பலகையில் முஸ்ஹஃப் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பிள்ளை, சாப்பாட்டுக்கு அழைக்கும் வரையிலான இடைவெளியிலும் ஒரு பக்கம் பார்த்து விடுகிறான். உறையிட்டு அலமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்தும் வீட்டுப் பிள்ளையோ பாடத்தை மறக்கிறான். ஆகவே, "ராத்தா, இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மூடி வைப்பதால் மட்டும் மனம் மாறிவிடாது" என்று தீர்ப்புச் சொல்லி விட்டேன். சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு விருந்தாளியாகிய எனக்கு அந்த அறையையே படுக்கக் கொடுத்தார்கள்.

தஹஜ்ஜுத் வேளையில் விழித்தபோது ரப்பர் கருகும் நெடி. விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குச் செல்லும் வயரை எலி கடித்துத் தோலுரித்திருந்தது. உள்ளங்கையகலத்துக்குப் பாய் கருகி ஓரத்தில் கனன்று கொண்டிருந்தது. பதற்றத்தில் வயரைப் பிடித்திழுக்கக் கையை நீட்டிவிட்டேன். நெடி கேட்டு மாடியேறி வந்த ராத்தா வாசலிலிருந்தே, "தம்பி, கை வைக்காதே!" என்று கூவிக் கீழே ஓடி மெயினை அணைத்தார்கள். அதன் பிறகுதான் பாயின் மேல் தண்ணீர் ஊற்றினோம். பட்டதாரியும் ஆலிமுமாகிய எனக்குத் தோன்றாதது, எட்டாம் வகுப்போடு நின்ற ராத்தாவுக்குத் தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஃபஜ்ரு தொழுகையில் நின்றபோது என் நினைவெல்லாம் ஆண்டுதோறும் நானே பாடம் நடத்தும் ஒரு நபிமொழியில்தான் இருந்தது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தோருடன் எரிந்தது. செய்தி எட்டியதும், நெருப்பு உங்கள் பகைவன் என்றும், உறங்கச் செல்கையில் அதை அணைத்து விடுங்கள் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காரணமும் வருகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்பதே அது. எத்தனை முறை மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருப்பேன்! எண்ணெய் விளக்குக் காலத்துச் செய்தி என்று என் மனம் அதை மடித்து வைத்திருந்தது போலும். திரி போய் வயர் வந்தது. எலி அப்படியே இருக்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்கிறார்கள். பள்ளிவாசல்களில் தொங்கவிடப்படும் விளக்குகளால் தீப்பிடிக்கும் அச்சம் இருந்தால் அவையும் இந்தக் கட்டளையில் அடங்கும். அச்சமில்லையெனில் காரணம் நீங்கி விடுவதால் குற்றமில்லை. ஆகவே, சரியான வயரிங்கில் இரவெல்லாம் ஓடும் குளிர்ப்பெட்டியை நிறுத்துங்கள் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆளில்லாமல் சூடேறி நிற்கும் பழைய ஆம்பிளிஃபயரையும் கட்டிலுக்கடியில் கிடக்கும் வயரையும் எதில் சேர்ப்பது? அதற்கு ஃபத்வா கேட்க வேண்டியதில்லை. கருகிய பாயே போதும்.

காலையில் மருமகன் தலை குனிந்து நின்றான். "மாமா, நான் எல்லாவற்றையும் கட்டி வைத்து விடுகிறேன்" என்றான். ராத்தா என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்ட தீர்ப்பு அந்தக் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பயந்து நிற்கும் பிள்ளையிடம் வாங்கும் சம்மதத்தை நான் நம்புவதில்லை. "முதலில் மின்சாரம் தெரிந்த ஒருவரை அழை" என்றேன்.

வந்தவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். அவர் பொறுமையாகச் சொன்னவற்றையும், பிறகு நானாகப் படித்து உறுதி செய்துகொண்டவற்றையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

கிடாருக்கென்று தனி மின்சாரம் தேவையில்லை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்குவது ஆம்பிளிஃபயர். ஆகவே கிடார் தாங்கியில் நிற்பதால் ஒரு தீங்குமில்லை. மிதிப் பெட்டிகளிலும், சிலவகைக் கிடார்களிலும் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அவற்றில் கேபிளைச் செருகும் துளையே சுவிட்சாகவும் வேலை செய்கிறது. செருகியபடி விட்டால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி கரையும். "பேட்டரி ஒரு வாரம்கூட வருவதில்லை" என்று கடைக்காரரோடு சண்டையிட்டு வந்த மருமகனின் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து ராத்தாவே சிரித்து விட்டார்கள்.

ஆம்பிளிஃபயரின் கதை வேறு. வால்வுகளின் உள்ளிழை எப்போதும் சிவந்து எரிய வேண்டும். அந்த வால்வுகளின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரந்தான். ஓயாமல் எரிந்தால் மாதத்திற்கு 720 மணி நேரம் வீணே கழிகிறது. 'ஸ்டாண்ட்பை' சுவிட்சைப் போட்டு வைத்தாலும் இழை எரிந்து கொண்டுதான் இருக்கும். உள்ளேயுள்ள கண்டென்சர்களும் சூட்டில் உலர்ந்து கெடுகின்றன. அவை, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நானூறு வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடியவை. பின்பலகையைப் பிள்ளைகள் கழற்றவே கூடாது. செலவையும் பாருங்கள். சும்மா இருக்கையில் 50 வாட் இழுப்பதாக வைத்துக் கொண்டால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்திற்கு 72 யூனிட். 2016இல் நம் மாநில அரசு அறிவித்த நூறு யூனிட் இலவச மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒரு சிவப்பு விளக்கே விழுங்கி விடுகிறது!

இவையெல்லாம் பணத்தோடு போகிறவை. எலக்ட்ரீஷியனின் முகம் மாறியது ஆம்பிளிஃபயரின் பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான். மூன்று பின் பிளக்கை, எர்த் இணைப்பில்லாத டூ பின் அடாப்டர் ஒன்றில் செருகி வைத்திருந்தான் பிள்ளை. "எர்த் கொடுத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் வருகிறது" என்பது காரணம்.

இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். கிடாரின் கம்பிகள், கேபிளின் வெளிவலை வழியே, ஆம்பிளிஃபயரின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. கம்பியைத் தொடுகிறவன் அந்தச் சட்டத்தையே தொடுகிறான். உள்ளே எங்கேனும் பழுதாகி மின்சாரம் சட்டத்தில் கசிந்தால், எர்த் வயர் அதை மண்ணுக்குக் கொண்டு போய்விடும், ஃபியூஸும் போகும். எர்த் இல்லையென்றால் அது அங்கேயே காத்திருக்கும், ஒரு கை வந்து தொடும் வரை. மூன்று பின்களில் எர்த் பின்னை மட்டும் நீளமாகவும் தடியாகவும் செய்திருப்பதே, அது எல்லாவற்றுக்கும் முன்னே இணைந்து எல்லாவற்றுக்கும் பின்னே பிரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 'யார்ட்பேர்ட்ஸ்' என்ற ஆங்கிலேய இசைக் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், 1976ஆம் ஆண்டு மே மாதம் தம் வீட்டில், சரியாக எர்த் செய்யப்படாத கிடாரை வாசித்துக் கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33. அதற்கு நான்காண்டுகள் முன்னர், 1972 மே மாதம், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். உலகப் புகழும் பணமும் சூழ்ந்த இடங்களிலேயே இப்படி நேர்ந்திருக்கிறது என்றால், கடற்கரைக் காற்றில் பின்னெல்லாம் பச்சை பூத்துத் துருவேறும் நம் வீடுகளை என்ன சொல்ல?

நம் பகுதிக்கேயுரிய ஆபத்துகள் வேறு இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை இடியிலும் சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். வானத்திலிருந்து தாவி வரும் மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளி ஒரு தடையே அன்று. இடி நெருங்குமுன் பிளக்கையே உருவி விட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்து போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரைக்கும் ஏறிவிடக் கூடும். ஆளில்லா நேரத்தில் செருகியபடி கிடக்கும் சாமான்களே அப்போது முதலில் பலியாகின்றன.

அன்று மாலைக்குள் மாடியறையில் எர்த்தோடு கூடிய மூன்று பின் சாக்கெட் ஒன்றைக் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்தினார் எலக்ட்ரீஷியன். கீழே மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினார். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் அந்த அளவுக்கு வேறுபட்டால், இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்து விடும் கருவி அது. எக்ஸ்டென்ஷன் பெட்டி குப்பைக்குப் போயிற்று. இரைச்சலுக்கும் காரணம் கிடைத்தது: ஆம்பிளிஃபயர் ஓர் இடத்திலும் கம்ப்யூட்டர் வேறோர் இடத்திலும் எர்த் எடுத்து, இரண்டையும் ஒரு கேபிள் இணைத்திருந்ததே அது. இரண்டையும் ஒரே சாக்கெட் பலகையிலிருந்து எடுத்ததும் இரைச்சல் பெரிதும் அடங்கி விட்டது.

கிடார் தாங்கியிலேயே நிற்கிறது. கேபிள் சுற்றி ஆணியில் தொங்குகிறது. ஒரே சுவிட்ச், இஷாவுக்குப் பிறகு ராத்தா மாடியேறி அது அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "உம்மா இப்போது தினமும் இந்த அறைக்குள் வருகிறார்கள் மாமா, முன்பெல்லாம் வாசலோடு சரி" என்று பிள்ளை எனக்குச் சொன்னான். ராத்தாவின் கருத்து மாறிவிட்டது என்று நினைத்து விடாதீர்கள். மாறவில்லை. என் கருத்துந்தான்.

ஊர் திரும்பிய அன்றிரவு எங்கள் மத்ரஸாவின் அலுவலறையைத் திறந்து பார்த்தேன். பாங்கு சொல்லும் ஆம்பிளிஃபயரின் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. அதன் பிளக்கில் எர்த் பின்னே இல்லை. இரைச்சல் தாளாமல் எப்போதோ எவரோ வெட்டியெறிந்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை, சில வேளைகளில் ஒளு செய்த ஈரக் கையோடு, அந்த மைக்கைப் பிடிப்பவர்கள் எங்கள் பிள்ளைகள்.

மறுவாரம் மருமகன் அந்த எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு வந்தான். பிளக்கை மாற்றியும் எர்த் வேலை செய்யவில்லை. சுவரையொட்டி மண்ணைத் தோண்டிப் பார்த்தால், கரியும் உப்பும் இட்டுக் குழாய் இறக்கிய எர்த் குழி வறண்டு கிடந்தது. முன்பு ஹவுளிலிருந்து வழிந்த நீர் அதன் பக்கமாகத்தான் ஓடுமாம். சிமெண்டுத் தளம் போட்டபோது திருப்பி விட்டிருக்கிறார்கள். புதுக் கரியும் உப்பும் இட்டு, ஹவுளிலிருந்து வாளி வாளியாக நீர் சுமந்து ஊற்றியவன் என் மருமகன். கோடை முடியும் வரை வாரம் ஒரு நாள் இரண்டு வாளி ஊற்றும் முறையை ஹிப்ழு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.