அரசனும் அவனது அவையும்

சொப்ட்போல் என்று சொன்னவுடன் நம் மாணாக்கர் ஒழுங்கைகளிலும் வெறுங்காணிகளிலும் ஆடப்படும் மென்பந்துக் கிரிக்கெட்டையே நினைப்பர். யாம் ஈண்டு கூறப் புகுந்தது அதுவன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பிறந்து, பேஸ்போலுக்குத் தங்கை முறையாக வளர்ந்த வேறோர் ஆட்டம். நம் பாடசாலைகளில் எல்லே ஆடியோர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். பந்தை அடித்தவர் தளந்தளமாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே மீளுதல் வேண்டும்; மீண்டால் ஓர் ஓட்டம்.

பெயரைக் கண்டு மயங்கலாகாது. 1887ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், ஒரு மண்டபத்துள்ளே, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, தும்புத்தடியின் காம்பினால் அடித்து ஆடினர் சில இளைஞர். அன்று பந்து மெய்யாகவே மென்மையாயிருந்தது. பின்னாளில் வழக்குக்கு வந்த பந்து பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும் ஏறத்தாழ ஏழு அவுன்ஸ் நிறையும் உடையது. நெஞ்சிலே பட்டால் அதன் மென்மை தெரியும்!

இவ்வாட்டத்தின் உயிர்நிலை பந்து எறிபவரிடத்தே உள்ளது. பேஸ்போலில் எறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று தோளுக்கு மேலாகக் கையை ஓங்கி எறிவார். ஆடவர் சொப்ட்போலிலே தொலைவு 46 அடிதான். ஆனால் கை கீழிருந்தே வரவேண்டும் என்பது விதி. ஆகவே அவர் காற்றாலையின் இறக்கைபோலக் கையை ஒருமுறை முழுவட்டமாகச் சுழற்றித் தொடையருகே பந்தை விடுகிறார். தேர்ந்தவர் விட்ட பந்து அரைக் கணத்திலும் குறைந்த நேரத்தில் அடிப்பவரை அடைந்துவிடும். அதனினும் பொல்லாதது, அது தாழ்விலிருந்து உயர்ந்து வருவது. மேலிருந்து இறங்கும் பந்தைப் பார்த்துப் பழகிய கண் அங்கே ஏமாறுகின்றது.

இக்கலையில் ஈடிணையற்று விளங்கியவர் எடி பெய்னர். 1925ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா என்னும் ஊரிலே பிறந்தவர். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் வேறொருத்தி. வளர்த்த குடும்பத்தின் பெயரால் மேர்ல் கிங் என்று அழைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெறீன் படையிலே சேர்ந்தார். பின்னர்த் தம்மைப் பெற்ற தாய் இன்னாள் என அறிந்து, அவள் குடிப்பெயராகிய பெய்னர் என்பதைத் தமதாக்கிக்கொண்டு, முன்னே எடி என்பதையுஞ் சேர்த்துக்கொண்டார். தாம் யார் மகன் என்பதை வளர்ந்த பின்னர்த் தேடிக் கண்டு, தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட மனிதர் அவர்.

1946ஆம் ஆண்டு அவர் அணி ஒறிகன் மாநிலத்தில் எதிரணியை 33 ஓட்டங்களுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. அதன்மேல் எழுந்த வாய்ச்சண்டையில், உங்களை வெல்ல எனக்கு ஒன்பதுபேர் வேண்டுவதில்லை. நானும் பந்து பிடிப்பவருமே போதும் என்றார் பெய்னர். ஆயினும் இருவராய் ஆடினால் ஓரிடர் உண்டு. இருவரும் தளங்களில் நின்றுவிட்டால் அடுத்து அடிக்க ஆள் இராது. மூவராயினும் அவ்விடர் நீங்காது, தளங்களோ மூன்று. மூன்றிலும் மூவர் நிற்க, நான்காமவர் மட்டையேந்தி நின்றால்தான் ஆட்டம் நடக்கும். ஆகவே நால்வர். இக்கணக்கின் நுட்பத்தைக் கணித ஆசிரியர் நன்கு சுவைப்பர். நால்வரும் ஒன்பதின்மரை எதிர்த்து ஏழு ஓட்டங்களுக்குப் பூச்சியம் என்று வென்றனர்.

அன்று தோன்றிய நால்வர் அணிக்கு அரசனும் அவனது அவையும் என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. அரசன் என்னும் பொருளுடைய கிங் என்ற வளர்ப்புப் பெயரை அவர் விட்டார். அச்சொல் அவரை விடவில்லை.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வாழ்வு பெருவழிகளிலே கழிந்தது. ஊர்தோறுஞ் சென்று அவ்வூர் ஒன்பதின்மரோடு நால்வராய் ஆடுவர். எறிபவர், பின்னின்று பிடிப்பவர், முதற்றளத்தைக் காப்பவர், இரண்டாம் மூன்றாந் தளங்களுக்கிடையே நிற்பவர், அவ்வளவே. பரந்த வெளிக்களத்தைக் காக்க ஒருவருமில்லை. பந்து அவ்வளவு தூரம் போனாலன்றோ காவல் வேண்டும்! அதுவும் எளிதாய்ப்போகவே, முழந்தாளிட்டு எறிந்தார். முதுகின் பின்னாலும் கால்களுக்கிடையாலும் எறிந்தார். இரண்டாந் தளத்திலே நின்று எறிந்தார். கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டும் எறிந்தார்.

இவற்றைக் கண்டு அவரைச் செப்படி வித்தைக்காரர் வரிசையிலே வைத்தோரும் உளர். அது நேரிதன்று. நிறைந்த ஆற்றலுடையார் ஒருவர் முழுவலியோடு எறிவாரானால் எதிரிக்கு ஆட்டமே இல்லை, பார்ப்போர்க்குஞ் சுவையில்லை. ஆகவே தம் வலிமையைத் தாமே ஒவ்வொன்றாகக் கழித்து, எதிரிக்கும் இடங்கொடுத்து ஆடினார். வித்தைக்காரன் இல்லாததை உண்டென்று காட்டுவான். இவரோ உள்ளதிற் பாதியை மறைத்தே பிழைக்கவேண்டியவராயினார்.

மறையாது எறிந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. 1967ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டொட்ஜர் மைதானத்தில் நடந்த காட்சிப் போட்டியில், வில்லி மேய்ஸ், வில்லி மக்கோவி, புறூக்ஸ் றொபின்சன், றொபேட்டோ கிளமென்ரே, மோறி வில்ஸ், ஹாமன் கிலபுறூ என்னும் அறுவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பந்தைத் தொடவிடாது ஆட்டமிழக்கச் செய்தார். இவ்வறுவருள் ஐவர் பின்னாளிற் பேஸ்போலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர். கிரிக்கெட் அறிந்தோர்க்குச் சொல்வதாயின், அக்கால உலக அணியின் முதல் ஆறு துடுப்பாட்டக்காரரும் ஓட்டமின்றி வரிசையாகத் திரும்பியதற்கு ஒப்பென்க.

எனினும் மறுநாட் காலையில் அவ்வறுவரும் தத்தம் பெருஞ்சம்பள அணிகளுக்கு உரியவராகவே இருந்தனர். பெய்னர் அடுத்த சிற்றூருக்குச் செல்லும் வழியைப் பார்க்கவேண்டியிருந்தது. அவர் கலைக்கு ஊதியங் கொடுத்துப் பேணும் பேரமைப்பு அமெரிக்காவில் நிலைக்கவில்லை. பேஸ்போலின் ஒவ்வோர் அடியையும் ஏட்டில் எழுதிவைக்கும் நாடு அது. பெய்னருடைய கணக்கையோ அவர் அணியார் தாமே எழுதிக்கொண்டனர். 9,743 வெற்றிகள், 1,41,517 பேரை அடிக்கவிடாது ஆட்டமிழக்கச் செய்தமை, எதிரியர் ஒருவரையேனும் தளம் அடையவிடாத 238 ஆட்டங்கள் என்பன அவர்கள் வெளியிட்டவை. அவர் பந்து மணிக்கு 104 மைல் வேகத்திற் சென்றது என்றுஞ் சொல்வதுண்டு. அதனை வற்புறுத்தாது விடுதலே முறை. சிற்றூர்ப் பாடசாலை மைதானங்களில், அவ்வூர்க் கடைக்காரரும் உழவரும் எதிர்நின்ற ஆட்டங்களை யார் ஒப்புநோக்கி உறுதிசெய்வர்? பல்லாயிரவர் நேரிற் கண்டும், பெரும் பதிவேடு ஒன்றிலும் ஏறாத புகழ் அது.

அவர் இல்வாழ்க்கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வழியிலேயே வாழ்பவனுக்கு வீடு ஏது, குடும்பம் ஏது என்று கேட்கத் தோன்றும். பெய்னர் தாம் தேடிக் கண்ட பெயரை அப்படியே தம் மகனுக்கும் இட்டார். அம்மகன் வளர்ந்து நால்வருள் ஒருவனாகி, தளங்களுக்கிடையே தந்தையின் பின்னால் இருபத்தைந்து ஆண்டு நின்று ஆடினான். மனைக்கு வரமுடியாத தந்தையிடம் மகன் களத்துக்கே வந்தான் எனலாம். ஒன்பதின்மர் அணியில் ஒருவர் சோர்ந்தால் மற்றவர் மறைப்பர்; நால்வர் அணியில் அது நடவாது. தகப்பன் மகனை நம்பியே ஒவ்வொரு பந்தையும் விடவேண்டியிருந்தது. பிறந்த குடியை அறியாது வளர்ந்த ஒருவருக்கு இது சிறு பேறன்று.

ஒலிம்பிக் விழாவிற் சொப்ட்போல் 1996இல் இடம்பெற்றது, மகளிர்க்கு மட்டுமே. ஆடவர் ஆட்டம் அங்கே சேர்க்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், மகளிர் போட்டிக்கு முன் மரியாதைக்குரிய முதற் பந்தை எறியும்படி பெய்னரை அழைத்தனர். எழுபத்தைந்து வயது முதியவர் களத்திலே இறங்கி எறிந்தார். மறுநாள் பாரிசவாதம் அவரைத் தாக்கிற்று. அதன்பின் அவர் ஆட்டங்களில் எறியவில்லை. 2007 பெப்ரவரி 9ஆம் நாள் அலபாமா மாநிலத்து ஹன்ஸ்வில் நகரிற் காலமானார். அரசன் போன பின்னும் அவை உடனே கலையவில்லை. வேறொருவர் பந்தெறிய, நால்வர் அணி மேலுஞ் சில ஆண்டுகள் ஊரூராகச் சென்று ஆடிற்று.