துளைக்காமல் சொத்தை எடுக்கலாம்

பல் சொத்தை என்றதும் துளைக்கும் மிஷினின் சத்தம்தான் பலருக்கும் நினைவில் வருகிறது. அந்தப் பயத்தில் கிராம்பைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள். கடைசியில் பல்லையே பிடுங்க நேர்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால், பல சொத்தைகளை மிஷின் இல்லாமல் சுரண்டி எடுத்து அடைத்துவிடலாம்.

சொத்தையில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு கிருமிகள் மண்டிக் கூழாகிப்போனது, அது தேறாது. அடியில் உள்ளது சுண்ணாம்புச் சத்தை இழந்திருந்தாலும் நார்க்கட்டு குலையாதது. காற்றும் எச்சிலும் புகாமல் அடைத்துவிட்டால் மறுபடி இறுகும். ஆகவே, எடுக்க வேண்டியது மேலடுக்கை மட்டும்தான்.

முன்பு பாதரசக் கலவையால் அடைத்தார்கள். அது பல்லில் ஒட்டாது. பிடித்து நிற்பதற்காக நல்ல பல்லையும் வெட்டிக் குழியை அகலப்படுத்தினார்கள். 1972இல் பிரிட்டனின் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பல்லோடு தானே பிணைந்துகொள்ளும், ஃபுளோரைடையும் கசியவிடும். 1980களின் நடுவில், மின்சாரம் எட்டாத தான்சானிய ஊர்களுக்காக, கைக்கருவியால் சுரண்டி இந்தச் சிமெண்டை வைக்கும் ‘ஏ.ஆர்.டி.’ முறை உருவானது.

சுரண்டுவதை எளிதாக்கப் பப்பாளியும் வந்தது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதிலுள்ள பப்பைன் என்ற நொதிதான் 2003இல் பிரேசிலில் வந்த ‘பாப்பாகேரி’ களிம்பிலும், இந்தியத் தயாரிப்பான ‘காரி-கேர்’ களிம்பிலும் வேலை செய்கிறது. குழியில் தடவி ஒரு நிமிடம்போல விட்டால் சிதைந்த நார் இளகும். கரண்டி போன்ற சிறு கருவியால் வழித்தெடுக்கலாம். களிம்பு கலங்காமல் தெளிவாகவே இருந்தால் சொத்தை தீர்ந்தது என்று பொருள். நல்ல திசுவில் இந்த நொதியைத் தடுக்கும் புரதம் இருப்பதால் அங்கே அது பாய்வதில்லை. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படாது.

நேரம் சற்றுக் கூடுதலாகும். சொத்தை நரம்பைத் தொட்டு, இரவில் தானாக வலித்தாலோ வீங்கினாலோ இது போதாது. வேர் சிகிச்சைதான் வழி.

புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஏ.ஆர்.டி.க்கு வேண்டிய கருவிகளோ ஒரு பைக்குள் அடங்கும். கறம்பக்குடி, விராலிமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கே இந்த வைத்தியத்தைக் கொண்டுபோய்விடலாம், கொண்டுபோக வேண்டும்.

பெற்றோர் ஒன்றைச் செய்யலாம். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். விழுந்தால் மறுபடி முளைக்காது. அதில் கருப்புக் கோடோ குழியோ தெரிந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே காட்டுங்கள்.