கழிவுக்கும் உரிமையாளர் உண்டு

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபால் நகரத்துப் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட துயரத்தை அறியாதவர் நம் தேசத்தில் அநேகமாக இல்லை. ஆயினும், அவ்வாலையின் மதிலுக்குள் எஞ்சிக் கிடந்த கழிவில் 337 டன், நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில்தான் பன்னிரண்டு லாரிகளில் ஏற்றப்பட்டுப் பீதம்பூர் என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது என்பதைக் கவனித்தவர் சிலரே. ஆலை மூடப்படலாம், முதலாளிகள் மாறலாம், வழக்குகள் வந்து போகலாம். கழிவோ தன் குணத்தை விடாது அங்கேயே கிடந்து, மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

போபாலின் விளைவாகப் பிறந்ததே 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1989-இல் முதன்முதலாக வகுக்கப்பட்ட அபாயகரக் கழிவு விதிகள், பின்னர் திருத்தியும் விரித்தும் எழுதப்பட்டு, 2016-இல் இன்றைய வடிவத்தைப் பெற்றன. நச்சுத்தன்மை, தீப்பற்றும் தன்மை, அரிக்கும் தன்மை, வெடிக்கும் தன்மை முதலியவற்றால் மனிதருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய கழிவெல்லாம் இவ்விதிகளுக்கு உட்பட்டதே.

இவை யாவும் பெரிய ரசாயன ஆலைகளின் கவலை என்று எண்ணிவிடலாகாது. இயந்திரத்திலிருந்து வடித்தெடுத்த பழைய ஆயில், முலாம் பூசும் பட்டறையின் கசடு, சாயப்பட்டறையின் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் தங்கும் சகதி, ரசாயனம் இருந்து காலியான பீப்பாய் ஆகிய இவையனைத்தும் பட்டியலில் இடம்பெற்றவையே.

இத்தகைய கழிவை உண்டாக்குகிறவர் முதலில் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெறவேண்டும். கழிவைப் பிறக்காமலே தடுப்பதும், முடியாதபோது குறைப்பதும், மறுபடி பயன்படுத்துவதும், மறுசுழற்சி செய்வதும், அதிலுள்ள பயனை மீட்பதும், எதற்கும் உதவாததை மட்டுமே பத்திரமாக அழிப்பதும் என்று விதிகள் ஒரு கிரமத்தையே வகுத்துள்ளன. கழிவைப் பெயரும் எச்சரிக்கையும் பொறித்த கலங்களில் வைக்கவேண்டும். சாதாரணமாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் தேக்கி வைக்கலாகாது. உண்டானது எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு என்று பதிவேடு எழுதி, ஆண்டுதோறும் ஜூன் 30-ஆம் தேதிக்குள் வாரியத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும்.

இவ்விதிகளின் உயிர்நாடி எங்கே இருக்கிறதென்று கேட்டால், கழிவு வண்டியோடு பிரயாணம் செய்கிற ஒரு படிவத்தில் இருக்கிறதென்பேன். ‘மேனிஃபெஸ்ட்’ என்று தொழிற்சாலைகளில் வழங்கும் அப்படிவத்துக்கு ஏழு பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளைப் பிரதி வாரியத்துக்குப் போகிறது. வண்டிக்காரர் கையெழுத்திட்ட மஞ்சள் பிரதி அனுப்பியவரிடம் தங்குகிறது. இளஞ்சிவப்பு கழிவைப் பெற்றுக்கொண்ட நிலையத்துக்கும், ஆரஞ்சு வண்டிக்காரருக்கும் உரியவை. பச்சைப் பிரதியை, கழிவைப் பெற்றவர் வாரியத்துக்கு அனுப்புகிறார். சாம்பல் நிறப் பிரதி, கழிவு வேறு மாநிலம் சென்றால், அனுப்பியவருடைய மாநில வாரியத்துக்கு உரியது. எஞ்சிய நீலப் பிரதி, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப்போல், சரக்கு போய்ச் சேர்ந்தது என்ற சாட்சியத்தோடு அனுப்பியவரிடமே திரும்பி வருகிறது. புறப்பட்டது பத்து பீப்பாய், சேர்ந்தது எட்டு என்றால், மிச்சம் இரண்டும் எந்த ஏரிக்கரையில் கவிழ்க்கப்பட்டன என்று கேட்பதற்கு ஆதாரம் இக்காகிதமே. லாரி வாசலைத் தாண்டிவிட்டால் நமக்கென்ன என்ற மனோபாவத்துக்கு இங்கே இடமில்லை. முறைகேடாகக் கையாண்டதால் சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ நேரும் சேதம் முழுவதற்கும் கழிவை உண்டாக்கியவர், அழிக்கும் நிலையத்தை நடத்துபவர் ஆகியோரை விதிகள் பொறுப்பாளிகளாக்குகின்றன.

அந்தப் பொறுப்பு தவறினால் நேர்வது என்னவென்பதற்குத் தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையே சாட்சி. மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. லாபம் சிலரைச் சேர்ந்தது, கிணற்று நீரின் கேடோ ஊரைச் சேர்ந்தது.

இவ்விதிகளுக்கு அடங்கி நடப்பதில் செலவு உண்டு, சிறு பட்டறைக்காரருக்கு அது பாரமாகவும் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. பலரும் சேர்ந்து பயன்படுத்தத்தக்க பொது அழிப்பு நிலையம் கும்மிடிப்பூண்டியில் அமைந்ததும், சில கசடுகள் சிமெண்ட் ஆலைச் சூளைகளில் நிலக்கரியோடு சேர்த்துப் பயன்படுவதும் அப்பாரத்தை ஓரளவு குறைக்கும் வழிகள். ஆனால் அந்தச் செலவைத் தொழில் ஏற்காவிடில், அது மறைந்து போவதில்லை. அக்கம்பக்கத்துக் குடியானவரின் தலையில்தான் விழுகிறது.

ஆகையால் காவல் செய்யும் கடமை வாரியத்தை மட்டும் சார்ந்ததன்று. உள்ளே கையாளப்படும் அபாயகரமான ரசாயனங்களையும், வெளியேறும் கழிவுகளையும் பற்றிய விவரத்தைத் தொழிற்சாலை வாயிலில் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பலகை தெருவில் போகிறவர்கள் படிப்பதற்காக வைக்கப்பட்டது. தம் ஊர்த் தொழிற்சாலையின் வாசலில் அது இருக்கிறதா, அதிலுள்ள விவரம் புதியதுதானா என்று பார்ப்பதும், இல்லையெனில் வாரியத்துக்கு ஒரு மனு எழுதிக் கேட்பதும் எந்தக் குடிமகனுக்கும் உரிய அதிகாரம். அதைப் பிரயோகிக்க நாம் தயங்கலாகாது.