தரகர் காட்டிய லாபமும் மாமா கேட்ட கேள்வியும்

மேக்ஸ்வெல் உணவங்காடியில் மீன் சூப்புக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது மன்னார்குடியிலிருந்து மாமாவின் குரல்பதிவு வந்தது.

"மாப்ளே, ரோட்டோர நிலத்தை வித்துட்டேன். கையில பதினஞ்சு லட்சம் இருக்கு. சோழமண்டலம் கம்பெனியில போடலாம்னு தரகர் சொல்றாரு. ஒரு வருஷ லாபம் மட்டும் 4,259 கோடியாம். நீ கணக்கு வேலைதானே பார்க்கிறே? இவ்வளவு சம்பாதிக்கிறவன் ஓடிப்போக மாட்டான்ல?"

மாமா 'ஓடிப்போவது' பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1990களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன. அதிக வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய வைப்புத்தொகையோடு பல நிறுவனங்கள் கதவை மூடின. அதனால்தான் 1997ல் வைப்பாளர் நலனைக் காக்க மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அத்தையின் நகையை விற்றுப் போட்ட பணம் அப்படி ஒரு நிறுவனத்தோடு போனது. அதன் பெயரை மாமா இன்றுவரை வாயால் சொல்வதில்லை.

ஆகவே, பதில் சொல்வதற்கு முன் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் மாலை வேலை முடிந்தபின் அந்த நிறுவனத்தின் கணக்குகளைப் படிக்கத் தொடங்கினேன்.

சோழமண்டலம் இன்வெஸ்ட்மெண்ட் அண்ட் ஃபைனான்ஸ், முருகப்பா குழுமம் சென்னையில் 1978ல் தொடங்கிய நிறுவனம். அந்தக் குழுமத்தின் வேர் 1900ல் பர்மாவின் மௌல்மீனில் நடந்த நகரத்தார் வட்டித் தொழிலில் இருக்கிறது. அதே சமூகத்தினர் நம் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்ததை இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. அந்தத் தெருவில் இன்று கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது.

இன்று சோழமண்டலம் கொடுக்கும் கடனில் பாதிக்கு மேல் வாகனக் கடன். லாரி, டிராக்டர், பழைய வண்டி எல்லாம் அதில் அடங்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வீட்டையோ கடையையோ அடமானமாக வைத்து வாங்கும் கடன். வீட்டுக் கடன் தனி. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் புதிய கடன் கொடுத்திருக்கிறது. வரி போக லாபம் தரகர் சொன்ன அதே 4,259 கோடி. முந்தைய ஆண்டில் அது 3,423 கோடி. தரகர் பொய் சொல்லவில்லை.

ஆனால் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் லாபத்தை மட்டும் பார்ப்பது, பயிர் பச்சையாக இருப்பதை மட்டும் பார்த்து வயலை வாங்குவது போல. நூறு ரூபாய் கடனுக்கு இந்த நிறுவனம் வரி போக ஈட்டுவது ஏறத்தாழ இரண்டரை ரூபாய்தான். அதே நூறு ரூபாயில் மூன்று மாதத்துக்கு மேல் தவணை வராமல் நிற்பது 2 ரூபாய் 81 காசு. ஓராண்டுக்கு முன் அது 2 ரூபாய் 48 காசு. நின்றுபோனதெல்லாம் நட்டம் ஆகிவிடாது. லாரியும் வீடும் பிணையாக இருக்கின்றன, ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கியும் வைக்கிறார்கள். என்றாலும் என் கண் போன இடம் அந்த 33 காசு ஏற்றத்தில்தான். ஒரே ஆண்டில் மொத்தக் கடன் கால் பங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. நேற்று கொடுத்த கடன் இன்று வாராக்கடன் ஆவதில்லை. வேகமாக வளரும்போது விழுக்காடு குறைவாகத் தெரிவதுதான் இயல்பு. அப்படியிருந்தும் அது ஏறியிருக்கிறது.

இன்னொரு விஷயம் நான் தினமும் கடந்துபோகும் இடத்திலேயே கிடைத்தது. ஷெண்டன் வேயில் இன்று ஓயுஇ டௌன்டவுன் என்று அழைக்கப்படும் கோபுரங்கள், ஒரு காலத்தில் டிபிஎஸ் வங்கியின் தலைமையகம். வங்கி அங்கே இருந்த காலத்தில்தான், 2000களின் நடுப்பகுதியில், அது இந்த நிறுவனத்தில் பங்கு வாங்கியது. பெயர்கூட 'சோழமண்டலம் டிபிஎஸ் ஃபைனான்ஸ்' என்று மாறியது. அந்த ஆண்டுகளில் நிறுவனம் பிணையில்லாத தனிநபர் கடன்களைத் தாராளமாகக் கொடுத்தது. 2008 உலக நிதி நெருக்கடியில் அவை திரும்பி வரவில்லை. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அந்தத் தொழிலையே கைவிட நேர்ந்தது. 2010ல் டிபிஎஸ் வெளியேறியது, பழைய பெயர் திரும்பியது. லாரிக்கும் வீட்டுக்கும் கடன் கொடுப்பதற்குத் திரும்பிய பிறகுதான் இன்றைய வளர்ச்சி.

2021-22ல் இந்த நிறுவனம் சிறு கடன், தனிநபர் கடன் பக்கம் மறுபடியும் கால் வைத்திருக்கிறது. மொத்தத்தில் அது சிறு பங்குதான். இருந்தாலும் பழைய கதையைப் படித்தவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இந்தத் தொழிலில் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் கார் கடன் ஒப்பந்தமே போதும். சிஓஇ விலை கேட்டாலே தலை சுற்றும் ஊரில், 70,000 வெள்ளியை ஏழு ஆண்டுகளுக்கு 2.78 விழுக்காட்டில் வாங்கினேன். குறைவுதானே என்று நினைத்தேன். வட்டி, குறைந்துவரும் பாக்கிக்கு அல்ல, முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கு. கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 5.2 விழுக்காடு. மொத்த வட்டி 13,622 வெள்ளி. அதில் கால் பங்குக்கு மேல் முதல் ஆண்டிலேயே கணக்காகிவிடும். முன்கூட்டியே அடைத்தாலும் பெரிதாக மிஞ்சாது. கணக்காளன் நான், கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதைக் கணக்குப் பார்த்தேன். மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

இங்கே கடன் கொடுப்பவருக்கும் கடிவாளம் உண்டு. காரின் திறந்த சந்தை மதிப்பைப் பொறுத்து விலையில் 60 அல்லது 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் கூடாது, ஏழு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது 2016ல் சிங்கப்பூர் நாணய ஆணையம் வைத்த வரம்பு. ஹாங் லியோங் ஃபைனான்ஸ் போன்ற நிதி நிறுவனங்களில் நாம் போடும் வைப்புத்தொகைக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதியும் இருக்கிறது.

மாமாவுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி அந்தக் காப்புறுதி பற்றித்தான். இந்தியாவில் வங்கி வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு அது கிடையாது. அதோடு, தரகர் 'டெபாசிட்' என்று சொன்னது டெபாசிட்டே அல்ல. தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அது பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரம். அதாவது, மாமாதான் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன்.

"ஓடிப்போகிற கம்பெனி இல்லை மாமா. நல்லா நடக்கிற கம்பெனிதான். ஆனா உங்க பதினஞ்சு லட்சத்தையும் ஒரே இடத்துல வைக்க அது காரணமில்லை. போஸ்ட் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 8.2 விழுக்காடு தர்றாங்க, அரசாங்கப் பொறுப்பு. தரகர் காட்டுற வட்டி அதைவிட அரை விழுக்காடுகூட அதிகமில்லையே?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அத்தைதான் பின்னாலிருந்து, "அவன் சொல்றதைக் கேளுங்க" என்றார்.

பன்னிரண்டு லட்சம் அஞ்சலகத்துக்குப் போனது. மிச்சம் மூன்று லட்சத்தில் பத்திரம் வாங்குவது பற்றி மாமா இன்னும் முடிவு செய்யவில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் மூன்று மாதமாக டியூ கட்டவில்லை, போன வருஷம் எத்தனை பேர் என்று தரகரிடம் கேட்டாராம். நாளை சொல்கிறேன் என்று போனவர் இரண்டு வாரமாகியும் அந்தப் பக்கம் வரவில்லையாம்.