மையும் தாளும் – 5: புதுப் பேனா ஏன் எழுத மறுக்கிறது?

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஊற்றுப்பேனா வாங்கியவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் புகார்தான். ‘மை நிரப்பி ஒரு பக்கம்கூட எழுதவில்லை, நின்றுவிட்டது.’ ‘நிப்பு தாளைக் கீறுகிறது.’ ‘சட்டைப் பை முழுக்க நீலம்.’ ஒரு கல்லூரி மாணவி, ‘எழுத்து அழகாகும் என்று சொன்னீர்கள், எனக்கு எழுத்தே விழவில்லையே’ என்று கேட்டிருந்தார். எல்லாக் கடிதங்களின் கடைசி வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: பேனா சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முதல் மாதத்துத் தொல்லைகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே தீரக்கூடியவை. தீர்க்கத் தெரியாததால் எத்தனையோ நல்ல பேனாக்கள் மேஜை டிராயரில் மை காய்ந்து கிடக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதலில் பேனாவைக் கழுவுங்கள். புதுப் பேனாவைக் கழுவுவதா என்று கேட்பார்கள். நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறதே, கடைக்காரர்கள் அதை ஃபீட் என்பார்கள். அச்சில் வார்த்தபோதோ கடைசலில் கடைந்தபோதோ பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அதன் நுண்ணிய கால்வாய்களில் தங்கிவிடும். பிசுக்கு இருக்கும் இடத்தில் மை ஒட்டாது, ஒட்டாவிட்டால் ஓடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டு, நிப்புப் பகுதியை அதில் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது; எபோனைட் பேனாவாக இருந்தால் பளபளப்பு போய்ப் பழுப்பேறிவிடும். சானிடைசர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் இவற்றைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், பல பிளாஸ்டிக்குகள் வெடிப்புவிட்டுவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பக்கம் எழுதி நின்றுவிட்டது’ என்று எழுதியவர்களில் பலருக்கு இந்த ஒரு குளியலே போதும்.

போதாவிட்டால் காற்றைக் கவனிக்க வேண்டும். ஊற்றுப்பேனாவின் நுட்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்துக் குழாயைத் திறந்தால் ‘குபுக்’ என்று ஒரு குமிழி மேலே ஏறும், அதற்குப் பிறகுதான் தண்ணீர் தொடர்ந்து இறங்கும். பேனாவுக்குள் நடப்பதும் அதேதான், குமிழி மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மை வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வர வழி இல்லாவிட்டால் பேனா வறண்டுபோகும், அளவுக்கு மீறி வந்தால் மை கொட்டும். நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் பெற்ற காப்புரிமையின் சாரமும் இந்த ஃபீட்தான்: மை இறங்க நுண்ணிய பிளவுகள், காற்று ஏற ஒரு வழி. ஒப்பந்தத் தாளில் மை கொட்டி வாட்டர்மேன் ஒரு பெரிய காப்பீட்டை இழந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அது பிற்காலத்து விளம்பரக் கதை என்கிறார்கள் பேனா வரலாற்றைத் தோண்டிப் பார்த்தவர்கள். கதை பொய்யாக இருக்கலாம், அதில் வரும் தொல்லை பொய்யில்லை. அதற்கு முன்பிருந்த பேனாக்கள் நினைத்தபோது ஒழுகின, நினைத்தபோது நின்றன.

மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கன்வெர்ட்டர் போட்ட பேனா திடீரென்று நின்றால் பேனாவின் உடம்பைக் கழற்றிக் கன்வெர்ட்டரை வெளிச்சத்தில் பாருங்கள். மை முழுக்கப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நிப்புப் பக்கம் வெறும் காற்றாக இருக்கும். மையின் பரப்பு இழுவிசையால் வரும் வினை இது. விரலால் இரண்டு தட்டு தட்டினால் இறங்கிவிடும். சில கன்வெர்ட்டர்களுக்குள் ஒரு சிறு குண்டு உருள்வதும் இதற்காகத்தான்.

சட்டைப் பை நீலமானது வேறு கணக்கு. அப்படி எழுதிய வாசகர் வைத்திருந்தது, இங்க் ஃபில்லரால் உடம்புக்குள் நேராக மை விடும் பழைய முறைப் பேனா. எனக்கு மிகவும் பிடித்த வகை. ஒருமுறை நிரப்பினால் நாள்கணக்கில் ஓடும். உடைந்துபோகும் உறுப்பு என்று எதுவும் கிடையாது. ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் பேனாக்களைச் சுதேசி உணர்வோடு 1930-களில் செய்யத் தொடங்கினார்கள். நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட் தண்டைக் கடைசலில் கொடுத்துக் கையால் கடைகிறார்கள். இப்படிக் கடைந்து வருபவற்றில் பலவும் ஃபில்லரால் மை விடும் பேனாக்களே.

இந்த வகையில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். சூடு பட்டால் காற்று விரியும், விரிகிற காற்று மையை வெளியே தள்ளும். ஃபீட்டின் அடியில் சீப்புப் பல்லாக வெட்டியிருப்பது தள்ளப்பட்டு வரும் மையைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான். ஆனால் அது பிடிக்கும் அளவு மிகச் சிறிது. சித்திரை வெயிலில் பைக்கில் போய் இறங்கி, உடம்புச் சூட்டோடு ஒட்டியிருந்த பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பொட்டென்று ஒரு சொட்டு விழும். மூன்றில் ஒரு பங்கு மை மிச்சமிருக்கும்போதே மறுபடி நிரப்பிவிடுங்கள். பையில் வைக்கும்போது நிப்பு மேலே பார்த்து இருக்கட்டும். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் மரை வழியாகக் கசிவதும் நிற்கும். வாசலைன் வேண்டாம், ரப்பர் வளையங்களை அது கெடுக்கும்.

பேனாவை விட்டுவிட்டுக் கைக்கு வருகிறேன். பால்பாயிண்ட் நம் கையைக் கெடுத்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதன் மை கெட்டிப் பசை. குண்டை அழுத்தி உருட்டினால்தான் தாளில் இறங்கும். அந்த அழுத்தம் நம் விரல்களில் ஊறிப்போய்விட்டது. ஊற்றுப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை, நிப்பு தாளைத் தொட்டதும் மை தானாக வரும். அழுத்தினால் நிப்பின் இரண்டு கிளைகளும் விரிந்து கோடு பட்டையாகும், நாளடைவில் கிளைகள் ஒன்றுக்கொன்று ஏறுமாறாகிவிடும். பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள். நிப்பின் மேல்முகம் வானத்தைப் பார்க்கட்டும், பக்கவாட்டில் உருள வேண்டாம். எழுதிய தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மேடு தட்டக்கூடாது. தட்டினால் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்படியும் கீறினால் எந்தத் திசையில் கீறுகிறது என்று பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என்று மெதுவாகக் கோடு இழுங்கள். வலப்பக்கம் இழுக்கும்போது மட்டும் கீறினால் இடக் கிளை தாழ்ந்திருக்கிறது. இடப்பக்கம் இழுக்கும்போது கீறினால் வலக் கிளை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் இருந்தால் நிப்பை நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள், இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லாதது பளிச்சென்று தெரியும். தாழ்ந்த கிளையை நகத்தால் ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் அதிலேயே சரியாகும். உப்புத்தாளில் தேய்ப்பதோ, பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல் பிளேடை விட்டு நடுப் பிளவை அகலப்படுத்துவதோ வேண்டவே வேண்டாம். நிப்பின் நுனியில் இருப்பது தேயாமல் உழைப்பதற்காகப் பற்றவைத்த, மிகக் கடினமான ஓர் உலோகக் கலவைக் குண்டுமணி. ‘இரிடியம்’ என்று நிப்பில் பொறித்திருப்பார்கள்; இன்றைய நுனிகளில் பெரும்பாலும் இரிடியம் இருப்பதில்லை, டங்ஸ்டன், ருத்தீனியம் போன்றவைதான். எதுவாக இருந்தாலும் தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. நிப்பை வாங்குவதற்கு முன் கடையில் மை தொட்டு ‘ணை’, ‘ழு’, ‘ஞ’, ‘இ’ எழுதிப் பாருங்கள். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். நிப்பு இழுபட்டு வருவதோடு மேலே தள்ளப்பட்டும் போகிறது. கோணலான நிப்பு தள்ளும்போதுதான் மாட்டிக்கொள்ளும். பட்டை நிப்பில் சின்னதாக எழுதினால் ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். ஜப்பான் கம்பெனிகளின் ஃபைன் நிப்பு பொதுவாக ஜெர்மன் ஃபைனைவிட மெல்லியது. பொடி எழுத்துக்காரர்களுக்கு அதுவே தோது.

அடுத்து ‘க்’, ‘ம்’, ‘ள்’ எழுதுங்கள். புள்ளிதான் நிப்பின் உண்மையைச் சொல்லும். சில நிப்புகளின் நுனியை அளவுக்கு மீறி மழமழப்பாக்கியிருப்பார்கள். பிளவின் உள்விளிம்பு தாளைத் தொடாமல் தூக்கி நிற்கும். நீளக் கோடு இழுக்கும்போது இந்தக் குறை தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதுத் தொடக்கம் அல்லவா, அங்கே மை வராமல் ஏமாற்றும். கடைக்காரர் கிறுக்கிக் காட்டும் எட்டு வடிவச் சுழற்சியில் இது பிடிபடவே பிடிபடாது. பத்து மெய்யெழுத்து எழுதினால் பிடிபடும்.

தாள் சரியில்லாவிட்டால் தங்க நிப்பும் உதவாது. எழுத்தின் ஓரங்களில் மை மயிர் மயிராகப் பரவினாலோ, மறுபக்கம் ஊறித் தெரிந்தாலோ, பழியை உடனே பேனாமீது போடாதீர்கள். ஆலையில் தாளுக்குள்ளும் மேலும் மை ஊறாமல் தடுக்கும் பொருள்களைச் சேர்ப்பார்கள். அது குறைந்தால் தாள் உறிஞ்சும். கனமான தாள் நல்ல தாள் என்ற நம்பிக்கையும் தவறு. மைப்பேனாக்காரர்கள் கொண்டாடும் டோமோயே ரிவர் என்ற ஜப்பான் தாளின் பெயர் பெற்ற வகை ஒரு சதுர மீட்டருக்கு வெறும் 52 கிராம். விரல் நிழல் தெரியும் அளவு மெல்லியது, ஆனால் மை ஊறாது. கரும்புச் சக்கையில் செய்த தாள் மட்டம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை சக்கையைக்கொண்டுதான் பல்லாண்டுகளாக எழுதும் தாள் தயாரிக்கிறது. நாரைவிட முக்கியம் அந்தத் தடுப்புப் பொருள். நோட்டு வாங்கும்போது கடைசிப் பக்க மூலையில் ஒரு வார்த்தை எழுதிப் பார்க்கக் கேளுங்கள், எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மை விஷயத்தில் நான் கறார். முதல் புட்டி ராயல் புளூவாக இருக்கட்டும். சுலபமாகக் கழுவ வரும், கறை அதிகம் தங்காது. வரைபடத்துக்கான கறுப்பு மையை ஊற்றவே கூடாது. அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும், காய்ந்தால் கால்வாய் அடைத்துக்கொள்ளும். மினுமினுப்புத் தூள் கலந்த மைகளின் மேல் இளைஞர்களுக்கு ஆசை அதிகம். ஆசை நியாயமானது, ஆனால் ஆறு மாதம் கழித்து வாங்குங்கள். பழைய பாணி புளூ-பிளாக் மைகள் இரும்புச் சத்தும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தவை, நம் ஊரில் அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்துக் காய்ச்சிய மையின் உறவு. எழுதிய பிறகு காற்றுப்பட்டுக் கறுக்கும், ஆவணங்களுக்கு அருமையானது. அமிலத்தன்மை உள்ளதால் பேனாவில் காயவிடக்கூடாது. இரண்டு மைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள், சில சேர்மானங்கள் திரிந்து வண்டலாகிவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றிப் பார்த்துவிட்டு ‘எதுவும் சரிப்படவில்லை’ என்பவர்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். அதே பேனா, அதே மை, வேறு தாள். பிறகு அதே தாளில் வேறு மை. கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இரண்டு மூன்று மாற்றத்திலேயே தெரிந்துவிடும். முதல் பேனா விலை குறைந்ததாக இருக்கட்டும் என்று முதல் வாரத்திலிருந்தே நான் சொல்வது இதற்காகத்தான். விலையுயர்ந்த பேனாவைத் திறந்து பார்க்கக் கை நடுங்கும். நடுங்குகிற கை கற்றுக்கொள்ளாது.

மின்விசிறிக்குக் கீழே மூடி திறந்தபடி பேனாவை வைத்துவிட்டு யோசிக்காதீர்கள், நிப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். 1941-இல் வந்த பார்க்கர் 51-இல் நிப்பை ஏறக்குறைய முழுக்க உள்ளே மறைத்ததற்கு, சீக்கிரம் காய்கிற மை அதிலேயே உலர்ந்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம். நம் வீடுகளில் புழங்கிய ஷாங்காய் ஹீரோ பேனாக்கள் அந்த வடிவத்தைத்தான் பின்பற்றின. பல வாரம் எழுதப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிக் கழுவி, உலர்த்தி வையுங்கள். புட்டிக்குள் திருப்பி ஊற்றாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மறந்துபோய்க் காய்ந்துவிட்டதா? நிப்புப் பகுதியை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். நிப்பிலிருந்து நீலம் நூல் நூலாக அடியில் இறங்கும். காலையில் தண்ணீரை மாற்றுங்கள், நீலம் வருவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான பேனாக்கள் எழுந்துவிடும். எழாமல் போவது பெரும்பாலும் தாத்தா காலத்து நெம்புகோல் பேனாக்கள்தான். அவற்றுக்குள் இருக்கும் ரப்பர் பை இற்று உதிர்ந்திருக்கும், தண்ணீரால் ஆகாது. அந்தப் பையை எடுத்துப் புதிதாக ஒட்டுவது எப்படி என்பது அடுத்த வாரம்.